இசையாசிரியர் சங்கங்களும் ஆட்சியுரிமையும்: புனே, தஞ்சை, சென்னை – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

இசை வரலாறு பெரும்பாலும் பாடியோர், பாட்டு இயற்றியோர் ஆகியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இசையைக் கற்பித்தோர் ஒன்றுகூடி அமைத்த சங்கங்களும், அவர்களுக்காகப் பிறர் அமைத்த சங்கங்களும் எவ்வாறு ஆளப்பட்டன என்பது போதிய கவனம் பெறவில்லை. ஒரு கலையை அறிந்தவரும் அக்கலையின் நிறுவனத்தை ஆள்பவரும் ஒருவரேயா, வேறு வேறானவரா என்னும் வினா இசைக்கு மட்டுமன்றிக் கல்வித்துறை முழுமைக்கும் பொருந்துவதாகும்.

புனே நகரின் மேற்கே முள்சி வட்டத்தில் அமைந்த ஹிஞ்சேவாடி, இராஜீவ் காந்தி தகவல் தொழில்நுட்பப் பூங்கா உருவானபின் வேளாண் சிற்றூர் என்னும் நிலையிலிருந்து, தமிழர் உள்ளிட்ட பல மொழியினர் வாழும் புறநகராக மாறியது. இத்தகைய குடியேற்றப் பகுதிகளில் இசைக்கல்வி பெரும்பாலும் வீட்டு வகுப்பாகவே தொடங்குகிறது. தனித்தனியே கற்பிப்போர் ஒரு சங்கமாகக் கூட முனையும்போது மூன்று வினாக்கள் எழுகின்றன. உறுப்பினராகத் தக்கவர் யார்? பாடத்திட்டத்தையும் தேர்வையும் வகுப்பவர் யார்? பணத்தைக் கையாள்பவர் யார்? இவ்வினாக்கள் புதியன அல்ல. ஹிஞ்சேவாடிக்கு அண்மையிலுள்ள புனே நகரில் 1874 முதலே இவற்றிற்கு விடை தேடப்பட்டு வந்துள்ளது. அவ்விடைகளைத் தஞ்சை, சென்னை ஆகிய இடங்களில் தோன்றிய அமைப்புகளோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சங்கங்களுக்கு முந்தைய நிலை

இசையாசிரியரின் தகுதியை வரையறுக்கும் மரபு தமிழில் தொன்மையானது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களைத் தனித்தனியே விரித்துரைக்கிறது. மாதவியின் கல்வி அரங்கேற்றத்தால் நிறைவுறுகிறது. அவளுக்குரிய சிறப்பை வழங்குபவன் மன்னன். தகுதியைக் கூறுவது நூல். அத்தகுதியை ஏற்றுச் சிறப்பளிப்பது அரசவை. ஆசிரியர்கள் தமக்குள் கூடி முடிவெடுக்கும் அவை ஒன்று அங்குப் பேசப்படவில்லை.

இதனின் வேறுபட்ட ஒரு நிலையைத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு காட்டுகிறது. முதலாம் இராசராசன் (985–1014) தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரையும், நட்டுவம் செய்வோர், பாடுவோர், கருவியிசைப்போர் முதலியோரையும் அக்கோயிலில் அமர்த்தி ஒவ்வொருவருக்கும் பங்கு வகுத்தான். ஒரு பங்கிற்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் எனக் கணக்கிடப்பட்டது. பங்குடையார் ஒருவர் இறப்பினும் ஊரைவிட்டு நீங்கினும் அவர்தம் நெருங்கிய உறவினர் அப்பணியை ஏற்கலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடைய பிறரைக் கொண்டு அப்பணியைச் செய்வித்தல் வேண்டும். நெருங்கிய உறவினரே இல்லையெனில், அதே பணியிலுள்ள ஏனையோர் கூடித் தகுதியுடைய ஒருவரைத் தெரிந்தெடுக்க வேண்டும்.

இறுதியாகக் கூறப்பட்ட விதி இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கது. பொருளை வழங்குவது அரசு. எனினும் காலியிடத்திற்குத் தகுதியுடையவரைத் தெரியும் உரிமை, ஒரு குறிப்பிட்ட நிலையில், அத்தொழிலைச் செய்வோரிடமே விடப்பட்டுள்ளது. பிறப்புரிமை முதலிடம் பெற்றபோதிலும் தகுதி அதனைக் கட்டுப்படுத்துகிறது. பணத்தை அளிப்பவரும் தகுதியை அறுதியிடுபவரும் வேறு வேறானவராக இருத்தல் கூடும் என்னும் கருத்திற்கு இது பழஞ்சான்றாகும்.

பூனா காயன சமாஜம்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அரசவைகளின் ஆதரவு குன்றியபோது, நகரங்களில் வாழ்ந்த கற்ற வகுப்பினர் இசையைப் புரக்கும் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். பம்பாயில் 1870இல் பார்சி சமூகத்தினர் காயன உத்தேஜக மண்டலியைத் தோற்றுவித்தனர். அக்காலத்தில் பூனா என வழங்கிய புனேயில் 1874இல் பூனா காயன சமாஜம் நிறுவப்பெற்றது. அதன் செயலராக விளங்கிய பல்வந்த் திரியம்பக் சகஸ்ரபுத்தே அதன் வளர்ச்சிக்குப் பெரிதும் உழைத்தவர். கற்றோரிடையே நாட்டிசையில் ஈடுபாட்டை உண்டாக்குவதும், இசைக்குச் சமூகத்தில் மதிப்பை ஏற்படுத்துவதும் அச்சமாஜத்தின் குறிக்கோள்கள். கச்சேரிகள், சொற்பொழிவுகள், இசைப்பள்ளி ஆகியன அதன் பணிகளாக அமைந்தன.

இச்சமாஜத்தின் வரலாறு தமிழகத்தோடு நேரடித் தொடர்புடையது. 1883இல் அதன் கிளை சென்னையில் அமைக்கப்பெற்றது. இந்து இசையையும் காயன சமாஜத்தையும் பற்றிய ஆங்கில நூல் ஒன்று 1887இல் பம்பாயில் வெளியிடப்பட்டது. அதன் வருவாய் சென்னை ஜூபிலி காயன சமாஜத்தின் நிதிக்கு உரியதாக அறிவிக்கப்பட்டிருந்தது. இசைச் சபை, இசைப்பள்ளி, இசைச் சொற்பொழிவு ஆகிய மூன்றையும் ஒரே அமைப்பில் இணைக்கும் முறை சென்னைக்கு வந்து சேர்ந்த வழிகளுள் புனேயும் ஒன்று என்பது இதனால் அறியலாகிறது.

சமாஜத்தின் ஆட்சிமுறையை நோக்கினால், அது இசையாசிரியர் சங்கமாக அமையவில்லை என்பது தெளிவாகும். ஆங்கிலேய உயர் அலுவலரும் சமஸ்தான மன்னரும் அதன் புரவலர்கள். ஆங்கிலக் கல்வி பெற்றோர் அதன் நிர்வாகிகள். அதன் பள்ளியில் கற்பித்த இசைவாணர் பணியமர்த்தப்பட்டோரே. மேலே சுட்டிய மூன்று அதிகாரங்களும் இசையைக் கேட்போரிடமே இருந்தன. பிறப்பாலும் தொழிலாலும் இசைக்கு உரியோராக இருந்த உஸ்தாதுகளையும் பாடல் மகளிரையும் விலக்கி, இசையை மட்டும் மதிப்புக்குரியதாக்க முயன்றமை இவ்வகை அமைப்புகளின் உள்முரணாகும்.

இதே காலத்தில் பிற நாடுகளில் நிகழ்ந்தது வேறு. அமெரிக்காவில் தியோடர் பிரசர் 1876இல் இசையாசிரியர்களைக் கூட்டித் தேசிய இசையாசிரியர் சங்கத்தைத் தொடங்கினார். ஊர்ச் சங்கம், மாநிலச் சங்கம், தேசியச் சங்கம் என்னும் படிநிலையில் அது வளர்ந்து இன்றும் இயங்கி வருகிறது. இங்கிலாந்தில் 1882இல் தொழில்முறை இசைவாணர் கழகம் தோன்றியது. புனேயில் இசையைப் புரப்போர் கூடிய அதே காலத்தில் அந்நாடுகளில் இசையால் வாழ்வோர் கூடினர். அங்கு ஆசிரியர் என்போர் கட்டணம் பெற்றுக் கற்பிக்கும் தனித்தொழிலராக ஏற்கெனவே உருவாகியிருந்தனர். இங்கு ஆசிரியர் இன்னும் குருவாகவோ, அரசவை ஊழியராகவோ, கோயில் ஊழியராகவோ இருந்தார். இவ்வேறுபாட்டிற்கு இதுவே அடிப்படைக் காரணம் எனலாம்.

தஞ்சை: தனியொருவர் சங்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசையறிவைத் திரட்டும் முயற்சிகள் பெருகின. அ. மு. சின்னசாமி முதலியார் 1893இல் தென்னாட்டு இசையை ஐரோப்பியச் சுரக்குறியீட்டில் வெளியிட்டார். 1904இல் எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி அச்சேறியது. அதே ஆண்டில் தென்னாட்டுப் பயணம் மேற்கொண்ட பம்பாய் வழக்கறிஞர் விஷ்ணு நாராயண பாத்கண்டே தீட்சிதரை நேரில் கண்டு உரையாடினார். இம்முயற்சிகளில் இசைவாணர் சாட்சிகளாகவும் கற்றோர் நீதிபதிகளாகவும் அமைந்தமை பொதுக்கூறாகும்.

இப்பின்னணியில் ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) தஞ்சையில் 1912இல் நிறுவிய சங்கீத வித்தியா மகாஜன சங்கம் தனித்து நோக்கத்தக்கது. இசைவாணரையும் இசையறிஞரையும் ஓரவையில் அமர்த்திச் சுருதி, இராகம் ஆகியவற்றை விவாதிக்கச் செய்த மாநாடுகளை அச்சங்கம் நடத்தியது. அவற்றிற்குரிய செலவைப் பண்டிதர் தம் மருத்துவத் தொழிலின் வருவாயிலிருந்து ஏற்றார். 1916இல் பரோடாவில் கூடிய அனைத்திந்திய இசை மாநாட்டில் கலந்துகொண்டு தம் சுருதிக் கொள்கையை முன்வைத்தார். 1917இல் வெளிவந்த கருணாமிர்த சாகரம் அவர் நடத்திய ஆய்வுகளின் விளைவாகும்.

அறிவுநிலையில் இச்சங்கம் இசைவாணருக்கு உரிய இடத்தை அளித்தது; வாதிடும் உரிமை அவர்களுக்கு இருந்தது. ஆயினும் அதன் பொருளாதாரம் ஒருவரது கொடையைச் சார்ந்திருந்தது. உறுப்பினர் சந்தாவாலோ தேர்வுக் கட்டணத்தாலோ தன்னைத் தாங்கிக்கொள்ளும் வழியை அது காணவில்லை. 1919இல் பண்டிதர் மறைந்தபின் சங்கம் அவர் காலத்து ஊக்கத்தோடு தொடரவில்லை. கொள்கை வலிமை மட்டும் ஒரு சங்கத்தை நிலைநிறுத்துவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

சென்னை: இரு தலைவர்கள்

1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரசு மாநாட்டையொட்டி அனைத்திந்திய இசை மாநாடு ஒன்று நடைபெற்றது. அதன் விளைவாகத் தோன்றிய மியூசிக் அகாதெமியைச் சர் சி. பி. இராமசாமி ஐயர் 1928 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார். அதன் முதல் தலைவர் மருத்துவர் உ. இராமராவ். வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயர் தொடக்கக் காலச் செயலர்களுள் ஒருவர். பின்னர்ப் பல பத்தாண்டுகள் செயலராக விளங்கிய வே. இராகவன் வடமொழிப் பேராசிரியர்.

அகாதெமியின் ஆட்சியமைப்பில் இருவகைத் தலைமை உண்டு. அமைப்பின் தலைவர் ஆண்டு முழுவதும் நிர்வாகத்தை நடத்துபவர். ஆண்டு மாநாட்டின் தலைவரோ இசைத்துறையைச் சார்ந்தவர்; டிசம்பர் விழாவின்போது அறிஞர் அவைக்குத் தலைமை ஏற்பவர். அம்மாநாட்டுத் தலைவருக்கு வழங்கப்பெறும் சங்கீத கலாநிதி என்னும் பட்டம் 1942இல் நடைமுறைக்கு வந்தது. இராகங்களின் இலக்கணம் குறித்த விவாதங்களில் வித்துவான்கள் அடங்கிய வல்லுநர் குழு கருத்துரைத்தது.

இம்முறையில் கலையறிவு வித்துவான்களிடமும் நிர்வாகமும் நிதியும் பிறரிடமும் பிரிந்து நின்றன. இதனால் அமைப்பு நிலைபெற்றது. கணக்கும் ஒழுங்கும் பேணப்பட்டன. வித்துவானுக்கு உயர்ந்த பெருமையும் கிடைத்தது. ஆனால் பெருமையும் ஆட்சியுரிமையும் ஒன்றல்ல. மாநாட்டுத் தலைவர் அவ்வாண்டின் மிகச் சிறந்த மதிப்பைப் பெறுகிறார். அமைப்பின் வரவுசெலவில் அவருக்கு அதனால் வாக்குரிமை எதுவும் ஏற்படுவதில்லை.

இசையாசிரியரை உருவாக்கும் பணியிலும் அகாதெமி ஈடுபட்டது. 1931இல் அது தொடங்கிய இசையாசிரியர் கல்லூரிக்கு டைகர் வரதாச்சாரியார் முதல்வரானார். அதற்கு முன்பே, 1929இல், சிதம்பரத்தில் அண்ணாமலை செட்டியார் இசைக்கல்லூரியைத் தோற்றுவித்திருந்தார். அவரது முயற்சியால் 1943இல் உருவான தமிழிசைச் சங்கம் பாடுமொழி பற்றிய வினாவை முதன்மைப்படுத்தியது. 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தியது. 1949இல் அரசு கருநாடக இசைக்கல்லூரி முசிரி சுப்பிரமணிய ஐயரை முதல்வராகக் கொண்டு தொடங்கப்பெற்றது. பாடசாலை இசையாசிரியருக்குரிய அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளும் நடைமுறையில் இருந்தன. எந்த மொழியில் பாடுவது என்பதில் மாறுபட்ட அமைப்புகள்கூட, ஆசிரியர்கள் தமக்குள் தேர்ந்தெடுத்த அவையால் ஆளப்பட வேண்டும் என்னும் கோரிக்கையை முன்வைக்கவில்லை. ஆசிரியரின் தகுதியை அறுதியிடும் அதிகாரம் தமிழகத்தில் பெரிதும் பல்கலைக்கழகங்களையும் அரசையும் சென்றடைந்தது.

காந்தர்வ மகாவித்தியாலய மண்டல்

மராட்டியப் பகுதியில் வளர்ச்சி வேறொரு திசையில் அமைந்தது. புனேயில் பாஸ்கர்புவா பகலே (1869–1922) என்னும் இசைவாணர் 1911இல் பாரத் காயன சமாஜத்தை நிறுவினார். கேட்போர் நிறுவிய பழைய சமாஜத்தின் ஊரிலேயே பாடுவோர் ஒருவர் நிறுவிய சமாஜமும் தோன்றியமை குறிப்பிடத்தக்கது.

இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1901இல், விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் (1872–1931) லாகூரில் காந்தர்வ மகாவித்தியாலயத்தைத் தொடங்கியிருந்தார். மன்னர் ஒருவரை மட்டும் சாராமல் பொதுமக்களின் நன்கொடையாலும் கச்சேரி வருவாயாலும் நடத்தப்பெற்ற அப்பள்ளியில், இசையாசிரியர்களை உருவாக்குவதற்கென்றே உபதேசக வகுப்பு என்னும் பிரிவு இருந்தது. 1908இல் பம்பாயில் கிளை அமைந்தது. கட்டடக் கடன் பெருகியமையால் 1920களின் நடுப்பகுதியில் அப்பம்பாய் நிறுவனம் கைவிட்டுப் போயிற்று. தஞ்சைச் சங்கத்தைப் போன்றே பலுஸ்கரின் பள்ளியும் தனியொருவரின் ஆற்றலைச் சார்ந்திருந்தது. அவரது கடனே அதன் முடிவாயிற்று.

வேறுபாடு அவர் மறைவிற்குப் பின் நிகழ்ந்ததில் உள்ளது. 1931 ஆகஸ்டில் பலுஸ்கர் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அவர்தம் மாணவர்கள் அகமதாபாத்தில் கூடி அகில பாரதிய காந்தர்வ மகாவித்தியாலய மண்டல் என்னும் அமைப்பை உருவாக்கினர். நகரம்தோறும் பரவியிருந்த அம்மாணவர்கள் பெரும்பாலும் தத்தம் பள்ளிகளை நடத்திய ஆசிரியர்கள். விநாயகராவ் பட்வர்தன் 1932இல் புனேயில் தொடங்கிய காந்தர்வ மகாவித்தியாலயம் அவற்றுள் ஒன்று. பள்ளிகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் இணைக்காமல், பாடத்திட்டத்தையும் தேர்வையும் மட்டும் பொதுவாக்கியமை மண்டலின் தனித்தன்மையாகும். இதனால் ஒரு பள்ளியின் கடன் மற்றொரு பள்ளியை வீழ்த்தும் நிலை தவிர்க்கப்பட்டது.

பிராரம்பிக் முதலாகப் பிரவேசிகா, மத்தியமா, விசாரத் ஆகிய படிகளைக் கடந்து அலங்கார் வரை தேர்வுகள் வகுக்கப்பட்டுள்ளன. தேர்வாளர்கள் ஆசிரியர் குழாத்திலிருந்தே அமர்த்தப்படுகின்றனர். தேர்வுக் கட்டணம் அமைப்பிற்கு நிலையான வருவாயாகிறது. தேர்ச்சி பெற்றோருள் பலர் ஆசிரியராகித் தம் மாணவரை மீண்டும் அத்தேர்வுக்கே அனுப்புகின்றனர். 1947 முதல் மண்டல் வெளியிட்டு வரும் சங்கீத கலா விகார் என்னும் இதழ், சிதறிக் கிடக்கும் ஆசிரியர்களை ஒரு கருத்துலகில் இணைக்கிறது. பூனா காயன சமாஜத்தில் பணியாளராக நின்ற ஆசிரியர், ஏறத்தாழ அரை நூற்றாண்டிற்குப் பின் தகுதியை அறுதியிடுபவராக மாறினார்.

இம்முறைக்கும் குறைகள் உண்டு. தேர்விற்கென வகுக்கப்பட்ட இராகங்களும் தாளங்களும் கல்வியின் எல்லையாகச் சுருங்கும் வாய்ப்பு உள்ளது. ஒரு குருவின் வழிவந்தோர் கூடிய அமைப்பாதலின், பிற கராணாக்களைச் சார்ந்தோர் தொடக்கத்தில் அதற்குப் புறத்தாராகவே இருந்தனர். பரதநாட்டியமும் மண்டலின் தேர்வுகளுள் இடம்பெற்றுள்ளது. தமிழ்ப் பதங்களையும் நட்டுவ மரபையும் கொண்ட ஒரு கலை, மராட்டிய மண்ணில் தோன்றிய ஆசிரியர் அமைப்பின் தேர்வுமுறைக்குள் வந்து சேர்ந்தமை தமிழாய்வாளர் விரிவாக ஆராய்தற்குரியது.

உறுப்புரிமை: திருவையாற்றுச் சான்று

யாரை உறுப்பினராக ஏற்பது என்னும் வினாவின் கூர்மையைத் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையின் வரலாறு காட்டுகிறது. அங்கு விழா நடத்தியோர் பெரிய கட்சி, சின்ன கட்சி எனப் பிரிந்திருந்தனர். இரு பிரிவிலும் பெண்கள் பாடுவதற்கு இடமில்லை. தம் பொருளால் சமாதியைக் கட்டுவித்த பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878–1952) பெண் கலைஞரைக் கொண்டு தனியே ஆராதனை நடத்தினார். அது பெண்கள் கட்சி எனப்பட்டது. 1940–41ஆம் ஆண்டளவில் மூன்றும் இணைந்து தியாகப்பிரம்ம மகோத்சவ சபையாயின.

இணைப்பு பேச்சுவார்த்தையால் மட்டும் நிகழவில்லை. சமாதியின் நிலமும் கட்டடமும் நாகரத்தினம்மாளின் முயற்சியால் அமைந்தமை அவரைப் புறக்கணிக்க இயலாதவராக்கியது. உறுப்புரிமை மறுக்கப்பட்டோர் அமைப்பிற்கு இன்றியமையாத ஒன்றைத் தம்மிடம் கொண்டிருந்தபோதே அவர்தம் உரிமை ஏற்கப்பட்டது. மண்டலின் ஆசிரியருக்குத் தேர்வு எத்தகையதோ, திருவையாற்றுப் பெண் கலைஞருக்குச் சமாதியின் உடைமை அத்தகையது.

சட்டம் வகுக்கும் எல்லை

மேற்கண்ட அமைப்புகளில் மரபாக வளர்ந்தவற்றை இன்று சட்டம் ஓரளவு வரையறை செய்கிறது. அறிவியல், இலக்கியம், கவின்கலை ஆகியவற்றின் வளர்ச்சிக்கான கழகங்களைப் பதிவு செய்ய வழிவகுப்பது 1860ஆம் ஆண்டின் கழகப் பதிவுச் சட்டம். அதன்படி எழுவர் கூடினால் ஒரு கழகத்தைப் பதிவு செய்யலாம். கழகத்தின் பெயர், குறிக்கோள், ஆட்சிக்குழுவினர் ஆகியவற்றை அமைப்புக் குறிப்பில் தருதல் வேண்டும். ஆட்சிக்குழுவினரின் பட்டியலை ஆண்டுதோறும் பதிவாளரிடம் அளித்தல் வேண்டும். சந்தா மூன்று மாதத்திற்கு மேல் நிலுவையில் உள்ளவர் வாக்களிக்க இயலாது. குறிக்கோளை மாற்ற, ஒரு மாத இடைவெளியில் கூட்டப்படும் இரு சிறப்புக் கூட்டங்களிலும் ஐந்தில் மூன்று பங்கினரின் இசைவு தேவை. கழகம் கலைக்கப்படின் எஞ்சும் சொத்தை உறுப்பினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளல் ஆகாது.

மகாராட்டிரத்தில் கல்வி முதலிய அறநோக்குடைய கழகம், 1950ஆம் ஆண்டின் பொது அறக்கட்டளைச் சட்டத்திற்கும் உட்பட்டு அறநிலைய ஆணையரின் மேற்பார்வையில் இயங்குகிறது. எனவே ஹிஞ்சேவாடியில் இசையாசிரியர் எழுவர் கூடிச் சங்கம் அமைப்பின், அது பதிவாளர், அறநிலைய ஆணையர் ஆகிய இருவருக்கும் பொறுப்புடையதாகும். தமிழ்நாட்டில் அத்தகைய சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் அடங்கும்.

சட்டம் கணக்கையும் வாக்கையும் காக்கிறது. ஆனால் அவ்வெழுவர் கற்பிப்போராக இருத்தல் வேண்டுமா, கேட்போராக இருத்தல் வேண்டுமா என்பதைச் சட்டம் கூறுவதில்லை. பூனா காயன சமாஜத்தைப் போன்ற ஒன்றையும் மண்டலைப் போன்ற ஒன்றையும் ஒரே சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யலாம். வேறுபாடு சங்கத்தின் துணைவிதிகளில் அமைகிறது. உறுப்பினராதற்குரிய தகுதியாகக் கற்பித்தலைக் குறிக்கும் ஒரு விதி, நன்கொடையாளருக்கு வாக்குரிமை உண்டா இல்லையா எனக் கூறும் ஒரு விதி ஆகியவையே சங்கம் யாருடையது என்பதைத் தீர்மானிக்கின்றன.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வருவன பெறப்படுகின்றன.

1. பத்தொன்பதாம் நூற்றாண்டு இசைச் சமாஜங்கள் இசையாசிரியரை முன்னிறுத்தினும் அவரால் ஆளப்படவில்லை. புனேயிலிருந்து சென்னைக்கு வந்த அமைப்பு முறையும் இத்தன்மையதே.

2. தனியொருவர் பொருளால் இயங்கிய தஞ்சைச் சங்கமும் லாகூர், பம்பாய்ப் பள்ளிகளும் அவரவர் ஆற்றலோடு எல்லை பெற்றன. பலுஸ்கரின் மாணவர் தேர்வைப் பொதுவாக்கியமையால் அம்மரபு நீடித்தது.

3. தமிழகத்தில் ஆசிரியர் தகுதியை அறுதியிடும் அதிகாரம் பல்கலைக்கழகத்திற்கும் அரசிற்கும் சென்றது. மராட்டியப் பகுதியில் அதன் பெரும்பங்கு ஆசிரியர் அமைப்பிடம் தங்கியது.

4. பெருமையளித்தல் ஆட்சியுரிமை அளித்தலாகாது. உறுப்புரிமை, தேர்வு, நிதி ஆகிய மூன்றனுள் ஒன்றையேனும் தம் கையில் கொண்டிருந்த ஆசிரியரே அமைப்பில் வலிமை பெற்றுள்ளனர்.

தஞ்சைக் கல்வெட்டு, தகுதியுடையவரைத் தெரியும் உரிமையை உடன்பணியாளரிடம் விட்டது, உறவினர் இல்லாத நிலையில் மட்டுமே. அவ்வரிதான விதியைப் பொதுவிதியாக்குவதே இசையாசிரியர் சங்கம் ஒவ்வொன்றின் முன்னும் உள்ள பணி. புதிய நகர்ப்புறங்களில் உருவாகும் சங்கங்கள் தம் துணைவிதிகளை எழுதும்போது இவ்வரலாற்றைக் கருத்தில் கொள்வது பயனுடையதாகும். இச்சங்கங்களின் நடவடிக்கைக் குறிப்பேடுகளும் ஆண்டறிக்கைகளும் தொகுக்கப்பெற்றால், தமிழிசை வரலாற்றின் எழுதப்படாத பகுதி ஒன்று துலங்கும்.